சீரான துடிப்பு

பூமாலை களையெடுத்துவிட்டுத் தெருவுக்குள் திரும்பியபோது, ரோட்டோரம் காயப்போட்டிருந்த மக்காச்சோளத்தில் பக்கத்து வீட்டு ஆயம்மாளின் ஆடுகள் நின்றிருந்தன. திருட்டு மேய்ச்சலுக்கு உரிய அவசரமே அவற்றிடம் இல்லை. விருந்துக்கு அழைக்கப்பட்டவை போல நிதானமாகத் தின்றுகொண்டிருந்தன. ஒரு குட்டி குவியலின் மேலேயே ஏறி நின்று புழுக்கை போட்டது. அதற்குச் சற்றுத் தள்ளி பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் கணவர் தனசேகரன் உட்கார்ந்திருந்தார். காலையில் காவலுக்கென்று அவள் கொடுத்துவிட்டுப் போன கம்பு அவர் மடியில் கிடந்தது. தூங்கவில்லை. கண்கள் திறந்துதான் இருந்தன. ஆடுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் களைக்கொத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போய் ஆடுகளை விரட்டினாள். சிதறிக் கிடந்த மணிகளைக் காலால் கூட்டிச் சேர்த்துவிட்டு மூச்சு வாங்க அவர் முன்னால் வந்து நின்றாள்.

"ஆடு தின்னுக்கினு இருக்குதே, பாக்கலியா நீங்க?"

"பாத்தேன்."

"பாத்தா ஓட்டறதுக்கு இன்னா?"

அவர் யோசித்தார். அவளை மழுப்புவதற்காக அல்ல, நிஜமாகவே விடை தேடினார். நெற்றி லேசாகச் சுருங்கி மறுபடி விரிந்தது. "தோணல," என்றார்.

அவர் திமிராக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பாள். தோணல என்று சொல்கிறவரிடம் என்ன சொல்வது? கம்பை அவர் மடியிலிருந்து எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தாள். அதை எடுத்ததையும் அவர் கவனித்த மாதிரி தெரியவில்லை.

இதே மனிதர் கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு இருபது வருடம் தனியார் பஸ் ஓட்டியவர். மலைப்பாதையின் எந்த வளைவில் எதிர் வண்டிக்கு ஒதுங்க வேண்டும், எந்த இடத்தில் மழைக்குப் பிறகு கல் உருளும் என்றெல்லாம் தெரிந்தவர். அதைவிட அவருடைய வாய் பிரசித்தம். புளி மூட்டையோடு நிற்கும் மலைப் பெண்களை ஏற்றமாட்டேன் என்று கண்டக்டர் சொன்னால் பஸ்ஸை அங்கேயே நிறுத்திவிட்டுச் சண்டைக்கு இறங்கிவிடுவார். வீட்டிலும் அதே வாய்தான். சோற்றில் ஒரு கல் கடிபட்டால் தெருமுனை வரை கேட்கும். அரை மணி கழித்து அடுப்படி வாசலில் வந்து நின்று, "இன்னா பூமா, கோச்சிக்கினியா?" என்பார். அவள் திரும்பிப் பார்க்காவிட்டால் இன்னொரு முறை கேட்பார். கல்யாணம் ஆன நாளிலிருந்து சண்டையில்லாமல் ஒரு வாரம் போனதில்லை. அடுத்த நாளுக்கு நீண்ட சண்டையும் இல்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால், மலை இறங்கும்போது அவருக்கு நெஞ்சுவலி வந்தது. பஸ்ஸை மலைப்பக்கமாக ஒதுக்கி, கை பிரேக்கை இழுத்து, இன்ஜினை அணைத்துவிட்டுத்தான் ஸ்டியரிங்கில் சாய்ந்தார். உள்ளே இருந்தவர்களில் ஒருவருக்கும் கீறல் இல்லை. சேலத்தில் அடைப்பை எடுத்துப் பிழைக்க வைத்தார்கள். ஆனால் இதயத்தில் செத்துப்போன சதையில் விழுந்த தழும்பு சும்மா இருக்கவில்லை. அங்கிருந்து திடீர் திடீரென்று துடிப்பு தறிகெட்டு ஓடியது. தோள்பட்டைக்குக் கீழே தோலுக்கடியில் ஒரு பெட்டி வைத்தார்கள். துடிப்பு தப்பினால் பெட்டி உள்ளேயே மின்சாரம் பாய்ச்சி அதைச் சரிக்குக் கொண்டுவரும். உயிரைக் காப்பாற்றுகிற பெட்டிதான். ஆனால் அது வேலை செய்கிற ஒவ்வொரு முறையும் நெஞ்சுக்குள்ளிருந்து மாடு உதைப்பது போல இருக்கும் என்றார். அடிக்கடி உதைத்தது. தொடை நரம்பு வழியே மெல்லிய குழாய் விட்டுத் தழும்பைச் சுட்டுப் பார்த்தார்கள். பயனில்லை. அப்புறம்தான் அந்த மாத்திரை வந்தது. சின்ன, வெள்ளை, வட்ட மாத்திரை. அதைச் சாப்பிட ஆரம்பித்த பிறகு பெட்டி ஒருமுறைகூட உதைக்கவில்லை. இதயம் ஒரே சீராகத் துடித்தது. கூடவே அவர் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிக்கொண்டே வந்தார்.

முதலில் அவளுக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது. கோபம் குறைந்துவிட்டது, நோயாளிக்கு நல்லதுதானே என்று நினைத்தாள். அடுத்து சிரிப்பு குறைந்தது. பிறகு பேச்சு. கடைசியாக வேண்டும் வேண்டாம் என்பதே போய்விட்டது. தட்டில் வைத்ததைச் சாப்பிட்டார், வைக்காவிட்டால் கேட்கவில்லை. உளுந்தூர்பேட்டையில் கட்டிக்கொடுத்த மகள் இலக்கியா தலைப்பிரசவத்துக்கு வந்து ஆண்பிள்ளை பெற்றாள். குழந்தையைக் கையில் கொடுத்தபோது, யாரோ பிடித்துக்கொள்ளச் சொன்ன பை மாதிரி பிடித்துக்கொண்டிருந்தார். திருப்பி வாங்கியதும் கையைத் தொங்கவிட்டார். இலக்கியா ஊருக்குப் புறப்படும்போது அப்பாவிடம் சொல்லிக்கொள்ளாமலே வண்டியேறினாள்.

ஆடு தின்ற வாரமே பூமாலை அவரைச் சேலத்துக்கு அழைத்துப் போனாள். டாக்டர் லிடியா சின்னசேலத்துப் பெண். பேச்சில் ஊர் வாடை போகாதவர். தைராய்டு சோதனை, ஸ்கேன் எல்லாம் பார்த்துவிட்டு, தனசேகரனை வெளியே உட்காரவைத்துவிட்டு இவளிடம் பேசினார்.

"இதயம் கரண்ட்ல ஓடற சாமான்மா. அந்தக் கரண்ட் உள்ள போவ, வெளிய வர சின்னச் சின்னக் கதவு இருக்குது. இந்த மாத்திரை அந்தக் கதவுங்களைப் பாதி சாத்தி வைக்குது. அதான் துடிப்பு அடங்கி இருக்குது. ஆனா அதே மாதிரி கதவு மூளையிலயும் இருக்குது."

பூமாலை தலையசைத்தாள்.

"மூளையில ஒரு நரம்பு பக்கத்து நரம்புக்குச் சேதி சொல்லணும்னா ஒரு துளி ரசாயனத்த வுடும். சந்தோசம், பயம், பசி, எழுந்து ஆட்டை ஓட்டணும்ங்கற நெனப்பு எல்லாமே அந்தத் துளியாலதான். கதவு சரியாத் தொறக்கலன்னா துளி கம்மியா வரும். சேதி போய்ச் சேராது. எல்லாருக்கும் இப்படி ஆவறதில்ல. நெறைய பேர் இதைச் சாப்பிட்டுக்கினு நல்லா இருக்காங்க. இவருக்கு இதனாலதான்னு நெனைக்கிறேன். அடிச்சிச் சொல்ல முடியாது."

"வேற மாத்திரை?"

"போன வருசம் மாத்திப் பாத்தோமே. பெட்டி அடிச்சுது இல்ல? அளவையும் கொறைச்சிட்டேன். இதுக்குக் கீழ போவ முடியாது."

"இத நிறுத்தினா பழையபடி ஆயிடுவாரா?"

"ஆவலாம். இந்த மருந்து ஒடம்புக் கொழுப்புல போய் உக்காந்துக்கும். நிறுத்தினாலும் மாசக்கணக்கா மெல்லத்தான் எறங்கும். எறங்க எறங்க ஆளு தெளிவாவலாம். ஆனா எறங்கினப்புறம் இதயத்துக்குக் காவல் இருக்காது. நிறுத்தாதீங்கம்மா."

திரும்பி வரும் பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார். முன்பெல்லாம் வேறு யார் ஓட்டும் வண்டியிலும் அவரால் சும்மா உட்கார முடியாது. பிரேக் போடுகிற இடத்தில் தன் காலையும் அழுத்துவார். இப்போது கால் தரையில் செருப்போடு கிடந்தது. வெளியே மரவள்ளிக் காடுகள் ஓடின. பூமாலைக்கு என்ன தோன்றியதோ, அவர் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

"நான் இலக்கியா வூட்டுக்குப் போயி அங்கயே இருந்துடலாம்னு பாக்கறேன். இனிமே இங்க வரமாட்டேன்."

"சரி," என்றார் தனசேகரன்.

அந்த 'சரி'யில் வருத்தமோ வீம்போ எதுவும் இல்லை. டீ சாப்பிடலாமா என்று கேட்டிருந்தாலும் அதே 'சரி'தான் வந்திருக்கும். மீதி வழி முழுக்க அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வந்தாள். அவர் பார்க்கவில்லை.

சித்திரை பிறந்து சில நாட்கள் கழித்து அவள் மாத்திரையை நிறுத்தினாள். இலக்கியாவுக்குப் பிரசவ சமயத்தில் கொடுத்த சுண்ணாம்புச் சத்து மாத்திரை மிச்சம் இருந்தது. அதுவும் வெள்ளை, அதுவும் வட்டம். காலையில் அவர் உள்ளங்கையை நீட்டியபோது அதை வைத்தாள். அவர் பார்க்காமலே விழுங்கித் தண்ணீர் குடித்தார். அன்று வேலைக்குப் போகாமல் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டே இருந்தாள். தான் செய்வது கொலையா என்று அவளுக்குத் தெரியவில்லை. எதிரே நாற்காலியில் இருக்கிற ஆளைக் காப்பாற்றுகிறோமா, எங்கேயோ போய்விட்ட ஆளைத் தேடுகிறோமா என்றும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. யாரிடமும் கேட்கவும் முடியாது. கேட்டால் கூடாது என்பார்கள். அது அவளுக்கே தெரியும்.

வைகாசி முழுக்க ஒரு மாற்றமும் இல்லை. ஆனியில் ஒரு நாள் மதியம் சோற்றில் கை வைத்தவர் அப்படியே நிறுத்தினார்.

"இன்னா இவ்ளோ புளி ஊத்தியிருக்க?"

பூமாலை கரண்டியோடு நின்றுவிட்டாள். "ஜாஸ்தியா இருக்குதா?"

"வாயில வெக்க முடியல. மனுசன் திங்கறதா இத?"

அவள் அடுப்படிக்குள் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதாள். வெளியே அவர் முனகிக்கொண்டே சாப்பிட்டு முடித்தார்.

அதன்பின் ஒவ்வொன்றாக வந்தது. ஆயம்மாளோடு ஆடுகளுக்காக ஒரு சண்டை போட்டார். தெருவே வேடிக்கை பார்த்தது. சண்டை முடிந்ததும் ஆயம்மாளே பூமாலையிடம் வந்து, "உன் வூட்டுக்காரருக்கு ஒடம்பு தேவலாம் போலக்கீதே," என்று சந்தோஷப்பட்டுவிட்டுப் போனாள். ஆடியில் இலக்கியாவுக்கு அவரே போன் போட்டார். குழந்தையைக் காட்டச் சொல்லி, திரையில் தெரிந்த முகத்தைப் பார்த்து, "இவனுக்கு என் மூக்குடி," என்றார். மறுமுனையில் இலக்கியா குழந்தையின் முகத்தைத் திரைக்கு இன்னும் கிட்டே கொண்டுவந்தாள். பிறகு, "ஆமாம்பா," என்றாள். அந்த நாட்களில் பூமாலை, அவர் தூங்கும்போது நெஞ்சின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். சந்தோஷம் இருந்த அதே இடத்தில் பயமும் இருந்தது. மறுபடி மாத்திரையைத் தொடங்கிவிட வேண்டும், இந்த வாரம், அடுத்த வாரம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். மறுநாள் காலையில் அவர் எதற்காவது சத்தம் போடுவார். அவள் கை சுண்ணாம்பு மாத்திரைக்கே போய்விடும்.

ஆவணியில் மலைக்குப் போக வேண்டும் என்றார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். "நீ வர்றதுன்னா வா, வராட்டி போ," என்று சட்டையை மாட்டிக்கொண்டார். பழைய பஸ்தான். அவரிடம் கிளீனராக இருந்து ஓட்டுநரான சரத்குமார்தான் இப்போது அதை ஓட்டுகிறான். "அண்ணே," என்று இறங்கி வந்து கையைப் பிடித்துக்கொண்டான். இன்ஜின் பக்கத்து இருக்கையைக் காலிசெய்து உட்காரவைத்தான். கோமுகி அணை தாண்டி ஏற்றம் ஆரம்பித்ததும் தனசேகரன் வாய் ஓயவில்லை. "ரெண்டாவதுக்கு மாத்துடா, வண்டி அழுவுது பாரு," என்றார். ஒரு வளைவில் ஏறிய பெண் கூடையை இறக்கிவைத்துவிட்டு, "நீங்க செத்துட்டீங்கன்னு சொன்னாங்களே," என்றாள். பஸ்ஸே சிரித்தது. அவர்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். பூமாலை இரண்டு இருக்கை பின்னாலிருந்து அவர் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மலைக்காற்று குளிர்ந்து வீசியது. இப்படியே போய்க்கொண்டிருந்தால் போதும் என்றிருந்தது.

வெள்ளிமலையில் இறங்கி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பாதி டீயில் அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"பூமா, உள்ள ஓடுது," என்றார்.

அவள் எழுவதற்குள் அவர் உடம்பு பெஞ்சிலிருந்து ஒரு முறை எகிறி விழுந்தது. டம்ளர் உருண்டது. தரையில் கிடந்தவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். சரியாகிவிட்டது என்று அவள் நினைத்தபோது பெட்டி மறுபடி உதைத்தது. திரும்பவும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே அவருக்கு நினைவு இருந்தது. அதுதான் கொடுமை. அடுத்தது வரப்போகிறது என்று தெரிந்து, எப்போது என்று தெரியாமல், அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அந்தக் கண்களில் ஏதாவது ஒன்று தெரிய வேண்டும் என்று எத்தனையோ மாதம் ஏங்கியவள் அவள். இப்போது அவற்றில் இருந்த பயத்தைப் பார்க்க முடியாமல், அவர் முகத்தைத் தன் வயிற்றோடு சேர்த்து மூடிக்கொண்டாள். சரத்குமார் பயணிகளை இறக்கிவிட்டு அவரைப் பஸ்ஸிலேயே மலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அங்கே ஊசி போட்டு, 108-ல் ஏற்றி அனுப்பினார்கள். அவர் ஆயுள் முழுக்க ஏறி இறங்கிய வளைவுகள் ஒவ்வொன்றிலும் வண்டி சாய்ந்து திரும்பும்போது, அவர் வாய்விட்டுக் கேட்டுக்கொண்டே வந்தார்: "இன்னொன்னு வருமா? இன்னொன்னு வருமா, பூமா?"

சேலத்தில் அதே மருந்தை நரம்பு வழியாக ஏற்றினார்கள். துடிப்பு அடங்கியது. டாக்டர் லிடியா கேட்பதற்கு முன்பே பூமாலை எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். திட்டினால் தேவலாம் என்று நின்றாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "நெனச்சேன்மா," என்று மட்டும் சொன்னார். பிறகு, தழும்பு இன்னும் பெரிதாகியிருக்கிறது, இனி பழைய அளவு போதாது, கூட்டித்தான் கொடுக்க வேண்டும் என்றார்.

மருந்து மனதுக்கு எட்ட நாளாகும். அதனால் வார்டில் அவர் இன்னும் தனசேகரனாகவே இருந்தார். மூன்றாம் நாள் சாயங்காலம், பக்கத்துக் கட்டில்காரர் நடக்கப் போயிருந்த நேரத்தில், பூமாலை அவர் காலடியில் உட்கார்ந்தாள்.

"நான்தான் மாத்திரய நிறுத்தினேன்."

"தெரியும்."

"எப்படி?"

"பழையபடி எல்லாம் நெனப்பு வந்துச்சே. எதனால வரும்? நானும் சும்மாதான் இருந்தேன். நல்லாத்தான இருந்துச்சு." போர்வையை நெஞ்சு வரை இழுத்துக்கொண்டார். "ஆனா இனிமே வேணாம் பூமா. அந்த ஒதை இன்னொரு தபா என்னால முடியாது. மாத்திரயே குடு. நான் வேணான்னாலும் குடு."

"திரும்ப அப்படியே ஆயிடுவீங்க."

"ஆவட்டும். அங்க ஒண்ணும் வலிக்கல. பயமும் இல்ல. நீ அழுவறது தெரியும், எதுக்குன்னுதான் தெரியாது."

"அப்ப எனக்கு?" என்றாள் அவள்.

அவர் அவளைப் பார்த்தார். நேர்மையான மனிதர், சமாளிக்கத் தெரியாது. "உனக்குத்தான் இன்னா பண்றதுன்னு தெரியல," என்று சொல்லிவிட்டுக் கையால் கண்ணை மறைத்துக்கொண்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் அழுது அவள் பார்த்ததில்லை. தடுக்கவில்லை. அழுது முடிக்கட்டும் என்று காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

நர்ஸ் மாத்திரைத் தட்டோடு வந்தாள். பூமாலை அந்த வெள்ளை மாத்திரையை வாங்கினாள். அவர் கையை நீட்டவில்லை, வாயைத் திறந்தார். அவளே நாக்கில் வைத்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகு கொஞ்ச நாள் பேசினார். இலக்கியா குழந்தையோடு வந்து இருந்தாள். அவன் முடியை எப்போது எடுக்க வேண்டும், காது எங்கே குத்த வேண்டும் என்றெல்லாம் சொன்னார். ஐப்பசி மழையில் பேச்சு மெலிந்தது. கார்த்திகையில் ஒரு நாள் குழந்தையைக் கொண்டுவந்து காட்டியபோது, "யாரு புள்ள?" என்று கேட்கவில்லை, தெரிந்திருந்தது. ஆனால் கை நீட்டவும் இல்லை. இலக்கியா இந்த முறை சொல்லிக்கொண்டு புறப்பட்டாள். "வரேம்பா," என்றாள். "சரி," என்றார்.

மார்கழி கடைசியில் கரும்பு வெட்டு மும்முரமாக நடந்தது. ஆலைக்குப் போகும் டிராக்டர்கள் தெருவை அடைத்துக்கொண்டு ஊர்ந்தன. ஒரு காலை, தலைக்கு மேல் ஏற்றிய பாரத்தோடு போன வண்டி ஒன்று பள்ளத்தில் இறங்கி ஏறியதில் ஒரு கழி நழுவி அவர்கள் வாசலில் விழுந்தது. டிராக்டர்காரர் திரும்பிப் பார்க்கவில்லை. பூமாலை அதை எடுத்து முழங்காலில் வைத்து ஒடித்தாள். ஒரு துண்டை நாற்காலியில் இருந்தவர் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மற்றொன்றைக் கடித்துத் தோலை உரித்தாள். சாறு முழங்கை வரை வழிந்தது. மென்று சக்கையைத் துப்பினாள். மறுபடி கடித்தாள். அவர் கரும்பை நெட்டுக்குத்தாகப் பிடித்துக்கொண்டிருந்தார். வெட்டிய முனையில் ஓர் எறும்பு ஏறியது. பிறகு இன்னொன்று. அவை அவர் விரல்களைத் தாண்டி மேலே ஏறிக்கொண்டிருந்தன.